அறியாமை எங்கே இருந்தது?

சென்ற டிசம்பர் முதல் நாள், உலக எய்ட்ஸ் நாளையொட்டி நம் கல்லூரியில் நடந்த பேச்சுப் போட்டியில் நண்பர் ஒருவர் மிக அழகாகப் பேசினார். பேச்சின் நடுவே, “ஆப்பிரிக்காவின் தென்பகுதி நாடுகளில் இந்நோய் காட்டுத் தீயெனப் பரவியதற்குக் காரணம் அம்மக்களின் அறியாமையே!” என்று முழங்கி ஒரு கணம் நிறுத்தினார். அரங்கம் கை தட்டியது. நானும் தட்டினேன்.

தட்டிய கை ஓய்ந்த பிறகு ஓர் ஐயம் எழுந்தது. அறியாமை என்றால் யாருடைய அறியாமை? நான் வரலாற்று மாணவன். ஒரு நாட்டின் துன்பத்துக்கு அந்நாட்டு மக்களின் குணமே காரணம் என்று யாரேனும் சொன்னால், அப்போது அரசு என்ன செய்துகொண்டிருந்தது என்று கேட்க வேண்டுமென எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அப்படிக் கேட்டுப் படித்ததில் எனக்குப் புலப்பட்டதை இங்கே எழுதுகிறேன். நண்பர் கோபித்துக்கொள்ள மாட்டார் என நம்புகிறேன்.

முதலில் ஒரு கணக்கு. தென்னாப்பிரிக்கக் குடியரசில் அரசு மருத்துவமனைகளுக்கு வரும் கருவுற்ற பெண்களின் இரத்தத்தை ஆண்டுதோறும் சோதித்து வந்தார்கள். 1990-இல் நூறு பேரில் ஒருவருக்குக் கூட எச்.ஐ.வி. கிருமி இல்லை. 2000-ஆம் ஆண்டில் அது 24.5 விழுக்காடு. பத்தே ஆண்டுகளில் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவாக இருந்தது நான்கில் ஒரு பங்காயிற்று! அந்தப் பத்தாண்டுகளில்தான் நிறவெறி ஆட்சி வீழ்ந்தது. மண்டேலா சிறையிலிருந்து வெளிவந்தார். 1994-இல் கறுப்பின மக்கள் முதன்முதலாக வாக்களித்தார்கள். ஒரு கதவு திறந்த அதே நேரத்தில் மற்றொரு கதவு வழியே சாவு நுழைந்துகொண்டிருந்தது.

பிரச்சாரமே இல்லையா என்றால், இருந்தது. ஜொகானஸ்பர்க் நகருக்கு மேற்கே கார்ல்டன்வில் என்னும் தங்கச் சுரங்க ஊர் இருக்கிறது. லெசோத்தோ, மொசாம்பிக் போன்ற நாடுகளிலிருந்தும் தொலைதூரக் கிராமங்களிலிருந்தும் ஆண்கள் வேலைக்கு வருவார்கள். மனைவி மக்களை உடன் அழைத்து வர முடியாது. ஆண்கள் மட்டுமே தங்கும் விடுதிகளில் ஆண்டில் பெரும்பகுதியைக் கழிக்க வேண்டும். சுரங்கத்தை ஒட்டித் தகரக் குடிசைகளில் பிழைப்புக்காக உடலை விற்கும் பெண்கள் இருந்தார்கள். 1990-களின் கடைசியில் அங்கே ஒரு தடுப்புத் திட்டம் தொடங்கினார்கள். அப்பெண்களிலேயே சிலருக்குப் பயிற்சி அளித்து, மற்றவர்களுக்கு நோயைப் பற்றிச் சொல்லவும் ஆணுறை வழங்கவும் ஏற்பாடு செய்தார்கள். எதிர்பார்த்த பலன் கிடைக்கவில்லை. கேத்தரின் கேம்பெல் என்ற சமூக உளவியல் அறிஞர் அத்திட்டத்தை உடனிருந்து ஆராய்ந்தவர். அவர் எழுதியிருப்பதைப் படித்தபோது எனக்குப் பெரும் வியப்பாக இருந்தது. சுரங்கத் தொழிலாளர்களுக்கு நோயைப் பற்றித் தெரிந்தே இருந்தது. பூமிக்கு அடியில் வெகு ஆழத்தில் எந்த நேரத்தில் பாறை சரியுமோ என்ற அச்சத்தோடு நாள்தோறும் இறங்குகிறவனிடம், பத்து ஆண்டு கழித்துச் சாவாய் என்றால் அவன் அஞ்சுவானா? அந்தப் பெண்ணுக்கும் தெரியும். ஆனால் ஆணுறை வேண்டாம் என்று சொல்லும் ஆளைத் திருப்பி அனுப்பினால் அன்றிரவு அடுப்பு எரியாது. அறிவு இருந்தது. அந்த அறிவைக் கொண்டு நடப்பதற்கு வேண்டிய வாழ்க்கைதான் இல்லை.

மேலிடத்துப் பிரச்சாரமோ வேறு விதம். ‘சரஃபினா-2’ என்று ஓர் இசை நாடகம். எய்ட்ஸ் விழிப்புணர்வுக்காக நலவாழ்வுத் துறை சுமார் 1 கோடியே 40 இலட்சம் ராண்ட் கொடுத்து ஒரு புகழ்பெற்ற நாடக ஆசிரியரை எழுதச் சொன்னது. 1996-இல் அது பெரும் ஊழல் விவகாரமாக வெடித்து, விசாரணை நடந்து, நாடகம் நின்றது. நோயைப் பற்றி அதில் சொல்லப்பட்டது தெளிவாகவும் இல்லை என்றார்கள். விழா எடுத்தால் வேலை முடிந்தது என்று எண்ணும் பழக்கம் ஆப்பிரிக்காவுக்கு மட்டும் உரியதன்று. பேரணி முடிந்து, பொட்டலம் உண்டு, வகுப்புக்குத் திரும்பிய நமக்கும் அது புரியும்.

இதற்குப் பின் வந்ததுதான் பெருங்கொடுமை. 1999-இல் தாபோ எம்பெக்கி குடியரசுத் தலைவரானார். அவரைப் படியாதவர் என்று யாரும் சொல்ல முடியாது. இங்கிலாந்தில் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் பயின்றவர், இலக்கியத்தில் தோய்ந்தவர். இரவெல்லாம் இணையத்தில் தேடித் தேடிப் படிப்பார் என்று எழுதியிருக்கிறார்கள். அப்படித் தேடியதில், எய்ட்ஸுக்குக் காரணம் எச்.ஐ.வி. கிருமி அன்று என்று வாதிட்ட மிகச் சிலரின் எழுத்துகள் அவர் கண்ணில் பட்டன. 1999 அக்டோபரில் ஏ.இசட்.டி. என்ற மருந்து நச்சுத் தன்மை உடையது என்று நாடாளுமன்ற மேலவையிலேயே பேசினார். 2000-ஆம் ஆண்டில் ஓர் ஆலோசனைக் குழுவை அமைத்து, உலகம் ஏற்றுக்கொண்ட விஞ்ஞானிகளையும் அதை மறுப்பவர்களையும் சரிசமமாக உட்கார வைத்தார். அதே ஆண்டு ஜூலையில் டர்பன் நகரில் அனைத்துலக எய்ட்ஸ் மாநாடு கூடியது. எச்.ஐ.வி.யே எய்ட்ஸுக்குக் காரணம் என்று ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட விஞ்ஞானிகள் கையெழுத்திட்டு அறிக்கை விட வேண்டிய நிலை! மாநாட்டைத் தொடங்கி வைத்த எம்பெக்கியோ, எல்லாவற்றையும் ஒரே ஒரு கிருமியின் தலையில் சுமத்த முடியாது, வறுமையே பெரிய கொலையாளி என்னும் பொருள்படப் பேசினார்.

அவருக்கு நியாயம் வழங்குவதும் நம் கடமை. வறுமை நோயை வளர்க்கும் என்பது பொய்யா? கார்ல்டன்வில்லைப் பாருங்கள். வெள்ளையர் ஆட்சி கறுப்பின மக்களின் உடலையும் ஒழுக்கத்தையும் பற்றி நூற்றாண்டுக் கணக்கில் இழிவாகப் பேசியதை அவர் மறக்கவில்லை. மருந்துக் கம்பெனிகளின் பேராசையையும் அவர் கண்முன் கண்டார். ஓராண்டு மருந்துக்கு ஒரு நோயாளிக்கு 10,000 டாலருக்கு மேல் விலை வைத்திருந்த காலம் அது. மலிவான மருந்து வாங்க வழி செய்த தென்னாப்பிரிக்கச் சட்டத்தை எதிர்த்து 39 மருந்துக் கம்பெனிகள் வழக்குத் தொடுத்திருந்தன. ஐயப்படுவதற்கு அவருக்குக் காரணம் இருந்தது என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வறுமை ஒழிந்த பிறகுதான் நோய் தீரும் என்று காத்திருப்பது, கடல் வற்றினால் கருவாடு தின்னலாம் என்று காத்திருந்த கொக்கின் கதைதானே! குடல் வற்றிச் செத்தது தலைவர் அல்லர், மக்கள்.

அவருடைய நலவாழ்வு அமைச்சர் மான்டோ சபலாலா-ம்சிமாங் ஒரு மருத்துவர். அவர் பூண்டையும் எலுமிச்சையையும் பீட்ரூட்டையும் ஆப்பிரிக்கக் கிழங்கையும் புகழ்ந்தார். 2006-இல் டொரண்டோ மாநாட்டில் தென்னாப்பிரிக்க அரசின் அரங்கில் அவற்றையே பரப்பி வைத்தார்கள். பூண்டு நல்லதுதான்; எங்கள் பாட்டியும் சொல்வார். ஆனால் பாட்டி யாருடைய மருந்தையும் நிறுத்தி வைக்கவில்லை.

நிறுத்தி வைத்த மருந்தின் பெயர் நெவிராபின். சிகிச்சை இல்லாவிட்டால், எச்.ஐ.வி. உள்ள தாய்மாருக்குப் பிறக்கும் நூறு குழந்தைகளில் 15 முதல் 45 வரை நோயைப் பெறக்கூடும். பேறுகாலத்தில் தாய்க்கு ஒரு மாத்திரை, பிறந்த குழந்தைக்கு ஒரு வேளை மருந்து. இவ்வளவு கொடுத்தால் அந்த எண்ணிக்கை ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது என்று 1999-இல் உகாண்டாவில் நடந்த ஆய்வு காட்டியது. மருந்து செய்த கம்பெனி ஐந்தாண்டுகளுக்கு இலவசமாகவே தருவதாகச் சொன்னது. தென்னாப்பிரிக்க அரசோ மாகாணத்துக்கு இரண்டு இடங்களில் மட்டும் சோதனை முறையில் தருவோம் என்றது. மற்ற அரசு மருத்துவமனைகளில் டாக்டரின் மேசைமேல் மருந்து இருந்தாலும் கொடுக்கக் கூடாது!

டர்பன் மாநாட்டு மேடையில் ன்கோசி ஜான்சன் என்ற பதினொரு வயதுச் சிறுவன் நின்றான். பிறக்கும்போதே தாயிடமிருந்து நோயைப் பெற்றவன். அவனைச் சேர்த்துக்கொள்ள ஜொகானஸ்பர்க்கில் ஒரு பள்ளி தயங்கியது முன்னரே நாடறிந்த செய்தி. கருவுற்ற தாய்மாருக்கு மருந்து கொடுங்கள் என்று அவன் அரசைக் கேட்டான். அடுத்த ஆண்டு ஜூன் முதல் நாள் இறந்துபோனான்.

இனி, நண்பர் ‘அறியாமை’ என்று சொன்ன அந்த மக்களிடம் வருவோம். 1998 டிசம்பரில் டர்பனை அடுத்த குவாமாஷு என்ற ஊரில் குகு லாமினி என்னும் பெண், தனக்கு எச்.ஐ.வி. இருக்கிறது என்று வெளிப்படையாகச் சொன்னார். சில நாட்களில் ஒரு கும்பல் அவரை அடித்துக் கொன்றது. இதை நான் மறைக்கவில்லை. இருள் அங்கும் இருந்தது. ஆனால் அதே டிசம்பர் 10-ஆம் நாள், கேப் டவுனில் ஒரு தேவாலயப் படிக்கட்டுகளில் பத்துப் பதினைந்து பேர் கூடி ஓர் இயக்கத்தைத் தொடங்கினார்கள். ‘சிகிச்சைக்கான செயல் இயக்கம்’ என்று தமிழில் சொல்லலாம். ஜாக்கி அக்மத் அதன் தலைவர். “எச்.ஐ.வி. பாசிட்டிவ்” என்று பெரிய எழுத்தில் அச்சிட்ட பனியனை நோய் உள்ளவரும் இல்லாதவரும் ஒருங்கே அணிந்து தெருவில் நடந்தார்கள். யாரை அடிப்பாய், எத்தனை பேரை அடிப்பாய் என்று அந்தப் பனியன் கேட்டது. 2002-இல் மண்டேலாவே அதை அணிந்துகொண்டார்.

இந்த இயக்கத்தார் செய்த பிரச்சாரத்தை நம் பிரச்சாரத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அவர்கள் வெறும் முழக்கம் எழுப்பவில்லை, வகுப்பு எடுத்தார்கள். கேப் டவுனை ஒட்டிய கயலிட்சா போன்ற குடிசைப் பகுதிகளில், பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்ட பெண்கள் உட்கார்ந்து, கிருமி எப்படி உடலின் அணுவுக்குள் நுழைகிறது, எந்த மருந்து அதை எந்த இடத்தில் தடுக்கிறது, சி.டி.4 என்றால் என்ன, பக்க விளைவு வந்தால் என்ன செய்வது என்று தங்கள் தாய்மொழியிலேயே கற்றார்கள். கற்றதைப் பிறருக்குக் கற்பித்தார்கள். கயலிட்சாவில் சில பெண்கள் தம் உடலின் உருவத்தை ஆள் உயரத் தாளில் வரைந்து, கிருமி இருக்கும் இடத்தையும் மருந்து வேலை செய்யும் இடத்தையும் வண்ணத்தில் தீட்டினார்கள். தலைநகரில் படித்த தலைவர் கிருமியே காரணமா என்று ஐயப்பட்டுக்கொண்டிருந்த அதே காலத்தில், தகரக் கூரையின் கீழ் ஒரு தாய் அந்தக் கிருமியைப் படம் வரைந்து விளக்கிக்கொண்டிருந்தாள். அறியாமை எங்கே இருந்தது?

அக்மத் தம்மிடமே நோய் இருந்தும், அரசு மருத்துவமனையில் ஏழைக்குக் கிடைக்கும் வரை நான் மருந்து உண்ண மாட்டேன் என்று 2003 வரை மறுத்தார். அது சரியா தவறா என்று நானும் என் அறை நண்பரும் ஓரிரவு வாதிட்டோம்; முடிவுக்கு வரவில்லை. 2000-இல் அவர் தாய்லாந்து சென்று, பூஞ்சை நோய்க்கான மலிவான மாத்திரைகள் 5,000 வாங்கி வந்தார். காப்புரிமைச் சட்டத்தைத் தெரிந்தே மீறினார். மருந்து கிடைக்காமல் மாண்ட கிறிஸ்டோபர் மொராக்கா என்ற தோழரின் பெயரை அந்தப் போராட்டத்துக்கு வைத்தார்கள். 39 கம்பெனிகளும் 2001 ஏப்ரலில் வழக்கைத் திரும்பப் பெற்றன. அதற்கு இரண்டு மாதம் முன்னர்தான் மும்பையிலுள்ள சிப்லா நிறுவனம், மூன்று மருந்துகள் சேர்ந்த சிகிச்சையை ஆண்டுக்கு 350 டாலருக்குத் தருவதாக அறிவித்து உலகச் சந்தையையே புரட்டிப் போட்டிருந்தது. நாம் பெருமைப்படத் தக்க செய்தி இது.

ஆளுங்கட்சிக்குள்ளும் மனச்சாட்சி சாகவில்லை. டர்பனைச் சேர்ந்த இந்திய வம்சாவளியினரான பிரெக்ஸ் கோவேந்தர் என்ற பெண் உறுப்பினர், தாம் தலைமை வகித்த நாடாளுமன்றக் குழுவின் முன் 2001-இல் இந்நோயைப் பற்றிய சாட்சியங்களைக் கேட்டார். மருந்து தர வேண்டும் என்று சொன்னார். 2002-இல் பதவியைத் துறந்தார்.

அந்த ஆண்டு ஜூலை 5-ஆம் நாள் அரசியல் சட்ட நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நெவிராபின் மருந்தை இரண்டு இடங்களுக்குள் அடைத்து வைப்பது நலவாழ்வு உரிமைக்கு எதிரானது. தடையை நீக்குக என்றது. அதன் பிறகும் முழுச் சிகிச்சைக்கான திட்டத்தை அமைச்சரவை ஏற்க 2003 நவம்பர் ஆயிற்று. இந்தத் தாமதத்தின் விலை என்ன? 2000 முதல் 2005 வரை 3,30,000-க்கு மேற்பட்ட உயிர்கள் வீணாயின, 35,000 குழந்தைகள் தவிர்த்திருக்கக்கூடிய நோயோடு பிறந்தன என்று ஹார்வர்டு ஆய்வாளர்கள் 2008-இல் கணக்கிட்டார்கள். ஒரு நாட்டின் போரில் இத்தனை பேர் இறந்திருந்தால் நம் பாடப் புத்தகத்தில் ஓர் அத்தியாயம் இருக்கும்.

அறியாமை என்ற பட்டத்தை வெளியார் சூட்டிய கதையும் உண்டு. 2001-இல் அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவித் துறைத் தலைவர், ஆப்பிரிக்கர் பலருக்குக் கடிகார நேரம் தெரியாது, வேளை தவறாமல் மருந்து உண்ண அவர்களால் இயலாது என்னும் பொருள்படப் பேசினார். அதே ஆண்டு கயலிட்சாவில் எல்லையற்ற மருத்துவர்கள் அமைப்பு சிகிச்சையைத் தொடங்கியிருந்தது. 2006-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, மருந்தை ஒழுங்காக உண்பவர் ஆப்பிரிக்காவில் 77 விழுக்காடு, வட அமெரிக்காவில் 55 விழுக்காடு என்று வந்தது. கடிகாரம் யாருக்குத் தெரியவில்லை?

எல்லா அரசுகளும் ஒன்றுபோல் இல்லை. சாம்பியாவின் தலைவர் கென்னத் கௌண்டா, தம் மகன் எய்ட்ஸால் இறந்தான் என்று 1987-லேயே நாட்டுக்குச் சொன்னார். மண்டேலா தம் மகனைப் பற்றி அவ்வாறு சொன்னது 2005-இல். ஆட்சியில் இருந்தபோது தாம் போதிய அளவு செய்யவில்லை என்று அப்பெரியவரே பின்னாளில் ஒப்புக்கொண்டிருக்கிறார். ஜிம்பாப்வே வருமான வரியின்மேல் 3 விழுக்காடு எய்ட்ஸ் வரி விதித்தது. ஸ்வாசிலாந்து மன்னர் 2001-இல் இளம்பெண்கள் ஐந்தாண்டு ஆண் தொடர்பின்றி இருக்க வேண்டுமென ஆணையிட்டார். சில வாரங்களிலேயே தாமே பதினேழு வயதுப் பெண்ணை மணக்கத் தேர்ந்து, தமக்குத் தாமே ஒரு மாடு அபராதம் போட்டுக்கொண்டார். இதற்கு மேல் நான் ஒன்றும் எழுத வேண்டியதில்லை.

போட்ஸ்வானாவைத்தான் சொல்ல வேண்டும். வயது வந்தோரில் நூற்றுக்கு முப்பதுக்கும் மேற்பட்டோருக்கு நோய் என்று அப்போது கணக்கிடப்பட்ட நாடு. தலைவர் பெஸ்டஸ் மொகாய், நம் இனமே அழியும் நிலையில் இருக்கிறது என்று உலக அரங்கில் மறைக்காமல் சொன்னார். 2002 ஜனவரியில் தலைநகர் கபரோனி மருத்துவமனையில் அரசின் இலவசச் சிகிச்சை தொடங்கியது. ‘மாசா’ என்று பெயரிட்டார்கள். புதிய விடியல் என்று பொருள். வைர வருவாயும் குறைந்த மக்கள் தொகையும் வெளிநாட்டு உதவியும் அவர்களுக்குத் துணை நின்றன என்பது உண்மையே. ஆனாலும் வைரம் பேசாது. தலைவர்தான் பேச வேண்டும். 2021-இல், தாயிடமிருந்து குழந்தைக்கு நோய் பரவுவதை ஒழிக்கும் பாதையில் இருப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் அந்நாட்டுக்குச் சான்று அளித்தது. நோய் மிகுந்த நாடுகளில் அதுவே முதலாவது.

தடுப்பு வேறு, மருந்து வேறு என்றுதான் நானும் எண்ணியிருந்தேன். மருந்தே இல்லாத ஊரில் ‘சோதித்துக்கொள்’ என்று பிரச்சாரம் செய்வது, சாவு ஓலையை வாங்கிக்கொள் என்று கூப்பிடுவதற்கு ஒப்பாகும். யார் போவார்? மருந்து உண்டு என்றால்தான் சோதனைக்கு வருவார்கள். மேலும், ஒழுங்காக மருந்து உண்பவரிடமிருந்து துணைவருக்கு நோய் பரவுவது 96 விழுக்காடு குறைகிறது என்று 2011-இல் வெளியான ஆய்வு மெய்ப்பித்தது. ஒன்பது நாடுகளில் நடந்த அந்த ஆய்வில் போட்ஸ்வானா, தென்னாப்பிரிக்கா, ஜிம்பாப்வே, மலாவி ஆகியவற்றோடு நம் சென்னையும் பங்கு கொண்டது. ஆக, மருந்தை மறுத்த அரசு தடுப்பையும் மறுத்தது.

எம்பெக்கி 2008-இல் பதவி இழந்தார். 2010-இல் புதிய அரசு ஒன்றரைக் கோடி பேரைச் சோதிக்கும் இயக்கத்தைத் தொடங்கியது. 2011-இல் எச்.ஐ.வி. உள்ள தாய்மாரின் குழந்தைகளில் இரண்டு மாதத்துக்குள் நோய் பெற்றவை 2.7 விழுக்காடு மட்டுமே. மக்கள் அவர்களேதாம். இடைப்பட்ட சில ஆண்டுகளில் அவர்கள் அறிவு மாறிவிட்டதா என்ன?

இப்போது மீண்டும் ஒரு சோதனை. 2025 ஜனவரியில் அமெரிக்கா தன் உதவியைத் திடீரென நிறுத்தியபோது, வீடு வீடாகச் சென்று பேசிய பணியாளர் ஆயிரக்கணக்கில் வேலை இழந்தார்கள். அதற்கு முந்திய ஆண்டுதான் லெனகாபவிர் என்ற ஊசி மருந்தின் ஆய்வு முடிவு வந்திருந்தது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை போட்டால் நோய் அண்டாமல் காக்கும் ஊசி. தென்னாப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும் அதைப் போட்டுக்கொண்ட 2,134 பெண்களில் ஒருவருக்குக் கூட நோய் வரவில்லை. தொடக்கத்தில் அமெரிக்காவில் அதன் விலை ஆண்டுக்கு 28,000 டாலருக்கு மேல். ஐதராபாத்தைச் சேர்ந்த இரண்டு இந்திய நிறுவனங்கள் 2027 முதல் ஏழை நாடுகளுக்கு ஆண்டுக்கு 40 டாலருக்குத் தர முன்வந்துள்ளன.

அடுத்த டிசம்பரிலும் நம் கல்லூரியில் பேச்சுப் போட்டி நடக்கும். நண்பர் மீண்டும் பேச வேண்டும். அவருக்கு நல்ல குரல். அந்த ஊசி கார்ல்டன்வில் தகரக் குடிசைக்குப் போய்ச் சேர்ந்ததா என்று அவர் கேட்டுச் சொன்னால் நான் முதல் ஆளாகக் கை தட்டுவேன்.